தெருவோரம் நிற்கும் கார்

டெல்ஃபினா அப்பாவின் காரைப் பின்னால் எடுத்துத் தெருவில் விடுகிறாள். ஓடிப்போய்த் தன் காரை வெளியே கொண்டுவருகிறாள். மறுபடி ஓடி, அப்பாவின் காரைப் பழைய இடத்திலேயே நிறுத்துகிறாள். சத்தம் கேட்காமல் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துகிறாள். வாயில் பாதி ரொட்டி, இன்னும் விடியவில்லை. என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே தினமும் இதுதான் நடக்கிறது.

எங்கள் ஹாமில்டன் தெருவில் கார்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வீட்டுப் பாதையில் நிறுத்த முடியும். பனிக்காலத்தில் ராத்திரி தெருவில் விடக் கூடாது. காலையில் முதலில் கிளம்புகிறவர் கடைசியாக, பாதையின் தெருவோர முனையில் நிறுத்த வேண்டும். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். இவள் அப்பா அமாதெவுக்கு, மரங்கள் இலை உதிர்க்கும் முன்பே ஆலையில் வேலை போய்விட்டது. ஆனாலும் மனிதர் அந்த இடத்தை விட மாட்டார். மகள் வரும்வரை காத்திருந்து அவள் காருக்குப் பின்னால் நிறுத்துவார். அவளும் சொல்லிக்காட்ட மாட்டாள். அவர் கார்ச் சாவி ஒன்றைத் தன் சாவி வளையத்திலேயே கோத்து வைத்திருக்கிறாள்.

வயது இருபத்தாறு. பேக்கரியில் வேலை, புருவத்தில் எப்போதும் மாவு. "பாத்துக்கலாம் அத்தை" என்பாள். சொல்லும்போதே கட்டைவிரல் வாய்க்குப் போய்விடும், கடிக்க நகம் மிச்சமிருக்காது. இந்த வயதிலும் பெற்றவர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெருவில் பேசுகிறார்கள். பேசட்டும். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது. யார் கேட்டாலும் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் கீரை சூப் குடித்துக்கொண்டிருந்தோம்.

"பேக்கரி மாடியில ஒரு ரூம் காலியாயிருக்குப்பா. நாளைக்குள்ள சொல்லணும்" என்றாள் டெல்ஃபினா.

அம்மா கிரசா கரண்டியை வைத்துவிட்டாள். "இங்க என்னடி குறைச்சல்? உனக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது!"

"ரொட்டி சுடத் தெரியும்ல? பணம் குடுக்குறத நிறுத்த மாட்டேம்மா. எனக்குன்னு ஒரு கதவு வேணும், அவ்ளோதான்."

அமாதெவ் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "காலைல என் கார நகத்துறது யாரு?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. அதுவரை இருவரும் அதைப் பேசியதே இல்லை. "நான்தாம்ப்பா."

"சீட்ட முன்னாடி இழுத்து வெச்சிட்டுப் போயிடுறே. முட்டி இடிக்குது."

சொல்லிவிட்டு ரொட்டியைச் சூப்பில் தோய்த்தார். அவள் சூப் ஆறிப்போனது.

திங்கள் சாயங்காலம் பனி கொட்டியது. அமாதெவ் வெளியே வந்து பாதையில் கிடந்த பனியை வாரினார். தன் காரை எடுத்து உள்ளே, கராஜ் கதவில் முட்டுகிற மாதிரி நிறுத்தினார். தெருவோர இடம் மகளுக்காகக் காலி. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

டெல்ஃபினா வந்தாள். காரைத் தெருவிலேயே நிறுத்தினாள், திரும்பப்போவதைக் காட்டும் விளக்கு வெகுநேரம் மின்னிக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல அந்த இடத்தில் காரை விட்டாள். இறங்கி, கொட்டுகிற பனியில் கையுறையைக் கழற்றி, வளையத்திலிருந்து அப்பாவின் சாவியை எடுக்கப் பார்த்தாள். நகமில்லாத விரலுக்கு வளையம் விரியவில்லை. பல்லால் கடித்து விரித்தாள்.