பவுடர் பூசி வந்த அம்மா

எழுபதுகளில் இலங்கை மலைநாட்டில், பதுளையில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்த்தேன். வேலை என்றால் தூக்குவது. அழுகிறதைத் தூக்கு, சிரிக்கிறதைத் தூக்கு, இரண்டும் இல்லாமல் கூரையைப் பார்த்துக் கிடக்கிறதை முதலில் தூக்கு. இடுப்பு எப்போதும் ஈரம். மனசு மட்டும் ஓரிடத்தில் நிற்காது. தெமோதரைப் பக்கம் வளைந்து வளைந்து ஏறும் ரயிலோடு போய்விடும்.

தாய் இல்லாத பிள்ளைகள் அங்கே குறைவு. தாய் ஆஸ்பத்திரியில், பார்க்க ஆளில்லை என்று வந்தவர்களே அதிகம். தெமோதரைத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த அந்தப் பெண் குழந்தையும் அப்படித்தான். தாய் மழையில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். பகலில் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா பார்த்துக்கொள்வாள். ஆனால் விடியும் முன்னே வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டிய அப்பன், இரவும் அதிகாலையும் என்ன செய்வான்? சொந்தபந்தமெல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. வீட்டிலிருந்த ஒரே கம்பளியில் சுற்றிக்கொண்டுவந்து என் கையில் தந்தான்.

ஞாயிறு தவறாமல் வருவான். மகளை மடியில் நிறுத்தி, பெரிய மனுஷிக்குச் சொல்வதுபோல் சேதி சொல்வான். "உங்கம்மா கால்ல மாவுக்கட்டு. நாட்டாமை கணக்கா படுத்துக்கிட்டே அதிகாரம் பண்றா." அவள் அவன் மீசையைப் பிடித்து இழுப்பாள்.

மழைக்காலம் முடிந்து தாய் நடக்கத் தொடங்கியதும், அவளைக் கூட்டிவரும்படி இல்லத்து மேட்ரன் அப்பனிடம் சொன்னார். "பிள்ளை அவகிட்ட ஒட்டினா அன்னைக்கே கூட்டிட்டுப் போ. இல்லாட்டி அடுத்த மாசம் பார்ப்போம்." அவசரப்பட்டு அனுப்பிய பிள்ளை ஒன்று பால் குடிக்காமல் திரும்பி வந்ததை அவர் மறக்கவில்லை.

தாய் வந்தாள். மடிப்புக் கலையாத நைலக்ஸ் சேலை, தலை நிறையக் கனகாம்பரம், கன்னத்தில் வெள்ளை வெளேரென்று பவுடர். டவுனுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். கை நீட்டினாள். குழந்தை வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மறுபடி நீட்டினாள், அலறல் இன்னும் கூடியது. தாயின் கண்ணீர் பவுடரில் கோடு போட்டது.

"கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி வந்து நின்னா, புள்ளைக்கு எப்படி ஆள் தெரியும்?" என்றான் அப்பன்.

"சும்மா இருங்க. கொழுந்தெடுக்கக் கட்டுற சாக்கோட வந்தா புள்ளையக் குடுப்பாங்களா? இவளுக்கே வழியில்ல, புள்ளைய எங்க வளக்கப்போறான்னு சொல்ல மாட்டாங்களா?"

"அடி பைத்தியமே, உன் சேலையையா நான் பார்க்கப்போறேன்?" என்றார் மேட்ரன்.

"அது எனக்கு எப்படிங்க மிஸ் தெரியும்?"

நான் கேட்டேன்: "அக்கா, மலையில இருந்து பால் குடுக்கக் காம்பராவுக்கு எறங்கி வருவீங்களே, அப்ப எப்படி வருவீங்க?"

"எப்படி வருவேன்? கூடைய எறக்கி வச்சிட்டு, கம்பளியத் தலையில போட்டுக்கிட்டு ஓடி வருவேன். மூஞ்சி கழுவக்கூட..."

அவள் முடிக்கும் முன்பே, பிள்ளையைச் சுற்றிக்கொண்டுபோகத் தோளில் போட்டு வந்திருந்த கம்பளியை அப்பன் உருவி நீட்டினான். அவள் பூவைப் பிடுங்கி அவன் கையில் திணித்தாள். முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, தாங்கித் தாங்கித் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைக் காம்பரா வாசலில் தினமும் கேட்பதுபோலக் கேட்டாள்: "ஏய் கள்ளி, இன்னைக்கு ஆயாவக் கடிச்சியா?"

அழுகை பாதியில் நின்றது. குழந்தையைத் தரையில் விட்டேன். தவழ்ந்து போய்க் கம்பளியின் ஓரத்தைப் பிடித்தது, பார்த்தது, மேலே ஏறி மூக்குத்தியைத் தொட்டது. பிறகு தாயின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

மேட்ரன் மூக்கைச் சிந்தினார். "ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன். பவுடர் பூசிக்கிட்டு நிக்காதே."

"நீங்க வர்றப்போ பூசாம எப்படிங்க மிஸ்?"

நல்ல வெயில். நைலக்ஸ் சேலைக்கு மேல் கம்பளியோடு அவள் முன்னால் நடக்க, கனகாம்பரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஏந்திக்கொண்டு அப்பன் பின்னால் போனான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். குழந்தை ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே யாரோ அழுதார்கள். தூக்கப் போனேன்.