ஏதென்ஸ் முறையில் ஒரு தலைவர் தெரிவு

எங்கள் ஊர்ச்சங்கத்துக்குக் கிரேக்க ஜனநாயகத்தைக் கொண்டுவந்து சேர்த்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

அதற்கு முந்தைய வருடம் கனடாவின் மார்க்கம் நகரில் நடந்த சங்கக் கூட்டத்தில், தலைவர் பதவிக்காக, உட்கார்ந்திருந்த கதிரைகளே பறந்திருந்தன. செயலாளரான அப்பா அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில்தான் பழைய ஏதென்ஸ் பற்றி நான் பள்ளிக்கூடத்துக்கு எழுதியதைச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன். வாக்குப் போட்டால் பணமும் பேரும் உள்ளவனே வெல்வான் என்று, அவர்கள் பெரும்பாலான பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். குடிமக்கள் எல்லோருக்கும் ஒரே அளவு வாய்ப்பு. அப்பா புட்டைக் குழைப்பதை நிறுத்திவிட்டார். அந்தக் குடிமக்கள் யார், யார் இல்லை என்று எழுதாததற்கு ரீச்சர் இரண்டு புள்ளிகள் வெட்டியிருந்ததை நான் சொல்லவில்லை.

அந்த வருடம் அங்கத்தவர் எல்லோருடைய பெயரும் எங்கள் வீட்டுச் சில்வர் சட்டிக்குள் போனது. கள்ளமில்லாத கை என்று என்னை மேடையில் ஏற்றினார்கள். நான் எடுத்த துண்டில், சனிக்கிழமைகளில் என்னைத் தன் வான் வண்டியில் தமிழ் வகுப்புக்கு ஏற்றிப்போகும் அங்கிளின் பெயர் இருந்தது. சந்தோஷத்தில் கத்தி வாசித்தேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியப்பா எழுந்தார்.

"பிள்ளை ரெண்டு துண்டைச் சேர்த்து எடுத்துப்போட்டுது. திருப்பிக் குலுக்குவம்."

என் கையில் ஒரு துண்டுதான் இருந்தது. அப்பா குனிந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ரெண்டு வந்ததோ, பிள்ளை?"

எனக்குப் பயமாக இருந்தது.

"ஓம்" என்றேன்.

இரண்டாவது முறை ஒரு டொக்டரின் பெயர் வந்தது. மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அங்கிளும் தட்டினார். வெளியே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் ஓடிப்போய் நின்றேன்.

"நீங்கள் ஒண்டும் பிழை விடேல்லை, பிள்ளை. உள்ளுக்குப் போங்கோ, குளிருது" என்றார்.

ஊரில் அவருடைய ஆட்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. சாதி என்ற சொல்லையே நான் அதுவரை கேட்டதில்லை. என் பொய்தான் அவரைத் துரத்தியது என்று பல நாள் அழுதேன். பாதி உண்மைதான்.

அடுத்த சனிக்கிழமை வான் வரவில்லை. பிறகும் வரவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கும் அம்மா, அவருக்கு மட்டும் கடதாசிக் கப்பில் கொடுப்பார். அந்தக் கப்புகளில் ஓர் அடுக்கு அலுமாரிக்குள் அப்படியே கிடந்தது. பாவம், எப்போதும் அவசரமாய்ப் போகிற மனிதர், அதற்காகத்தான் அவை என்று நினைத்துக்கொண்டு நான் அலுமாரியைச் சாத்தினேன்.