துவக்கு வகுப்பும் அண்ணையின் கடிதமும்

எண்பத்துமூன்றாம் ஆண்டு வசந்தத்தில் ஒரு ஞாயிறு காலை, ஒஷாவாவுக்கு வடக்கே இருந்த துப்பாக்கி சுடும் கழகத்துக்கு அண்ணையின் காரில் முதன்முதலாகப் போனது நன்றாக நினைவிருக்கிறது. வழி முழுக்க அவர்தான் கதைத்தார். நான் மடியில் கிடந்த என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை துவக்கைத் தொட்டு ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. மட்டக்களப்பில் எங்கள் வயலுக்குப் பன்றிக் காவல் இருந்த காலத்தில் பழகியது. கனடாவில் அது எதற்கும் உதவும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அண்ணை எனக்கு உறவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். அந்த ஆடி மாதம் ஊரில் கலவரம் வெடித்து, வீட்டாரைப் பற்றி ஒன்பது நாட்கள் ஒரு தகவலும் இல்லாதபோது, என் பக்கத்தில் இருந்து தொலைபேசியைத் திரும்பத் திரும்பச் சுழற்றியவர் அவர். பிறகு நடந்ததைச் சொல்ல வந்தவன் இதை மறைக்கக் கூடாது.

கழகத்தில் களிமண் தட்டுகளை வானத்தில் எறிவார்கள். பறக்கும்போது சுட வேண்டும். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் மாதக்கணக்கில் ஒன்றைக்கூட உடைக்கவில்லை. விசையை இழுக்கும் கணத்தில் அவர் கண்ணை மூடுகிறார் என்பதைக் கவனித்தேன். அவருடைய தோட்டாக்களை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெறும் துவக்கை இருபது தடவை தூக்கி இறக்கச் சொன்னேன். அன்று மாலை மூன்று தட்டுகளை உடைத்தார். அதன்பிறகு புதிதாக வந்த எல்லோரையும் செயலாளர் என்னிடம் அனுப்பினார். செயலாளர் அதிகம் பேசாத வெள்ளைக்காரர். மூன்று கோடைகள் இப்படியே போயின. துவக்கு வெறுமையானது என்று ஒருநாளும் நம்பாதே, வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் பார், சுடும்வரை விரலை விசையில் வைக்காதே. இவற்றைச் சொல்லிச் சொல்லியே என் ஆங்கிலம் திருந்தியது.

எண்பத்தைந்து இலையுதிர் காலத்தில் செயலாளர் பயிற்றுநர் சான்றிதழுக்கான ஒரு விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். நான் எவ்வளவு படிப்பித்தாலும், வேட்டை அனுமதி எடுக்க என்னிடம் பழகியவர்கள் சான்றிதழ் பெற்ற இன்னொரு பயிற்றுநரிடம் போக வேண்டியிருந்தது. “அந்த இன்னொருவன் நீயாக ஏன் இருக்கக் கூடாது?” என்றார். என்னை நன்கு அறிந்த இருவரின் கடிதங்கள் தேவைப்பட்டன. ஒன்றைச் செயலாளர் எழுதினார். மற்றதை அண்ணையிடம் கேட்டேன்.

“இதென்ன கேள்வி தம்பி? நான் எழுதாமல் வேற ஆர் எழுதுறது?” என்றார். தானே உறையில் போட்டு ஒட்டி, தானே தபாலில் சேர்த்தார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. தற்போது பரிசீலிக்க இயலாது என்று ஒரே வரி. காரணம் எதுவும் இல்லை. அண்ணை அன்றே வோபர்னில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி தேத்தண்ணீர் கொடுத்தாள். அவர் என் தோளில் கை வைத்து, “விடு தம்பி. உந்தச் செயலாளரின்ர வேலைதான் உது. முகத்துக்குச் சிரிப்பான், பின்னாலை வேற எழுதியிருப்பான். எங்கட ஆக்களுக்கு உவங்கள் தரமாட்டாங்கள்” என்றார்.

அவர் போனபின் மனைவி, “அந்த மனிசன்தானே விண்ணப்பப் போர்ம் கொண்டுவந்து தந்தவர்?” என்று மெல்லக் கேட்டாள். அவள்மேல் பாய்ந்தேன்.

அதன்பிறகு செயலாளரின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் கைகொடுக்க வந்தால் துவக்குக் குழலைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்வேன். எண்பத்தேழில் அவரே வந்து, இன்னொரு முறை விண்ணப்பி, நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தேன். எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறினேன். நேர்முகத்தில் ஒரு பெண் அதிகாரி என் பழைய கோப்பைத் திறந்து, “இதற்கு உங்கள் விளக்கம் வேண்டும்” என்று ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

அண்ணையின் சாய்ந்த கையெழுத்து. இவரோடு ஒரே இடத்தில் வேலை செய்கிறேன் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. எங்கள் நாடு இருக்கும் நிலையில் இவர் ஏன் துவக்குப் பழக்க விரும்புகிறார் என்று என்னால் சொல்ல முடியாது. இவருக்கு நான் பொறுப்பில்லை. அதற்குக் கீழே செயலாளரின் கடிதம் இருந்தது. மூன்று பக்கங்கள். நான் படிப்பித்த அத்தனை பேரின் பெயர்களும் அதில் இருந்தன.

“எழுதியவரைத் தெரியுமா?” என்றார் அதிகாரி.

“ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய காரில்தான் கழகத்துக்குப் போகிறேன்.”

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். மூன்று வாரத்தில் சான்றிதழ் வந்தது.

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் அண்ணையை வெளியே கூப்பிட்டேன். “கடிதத்தைப் பாத்தனான் அண்ணை.”

அவர் மறுக்கவில்லை. “பயந்திட்டன் தம்பி. தம்பிமார் ரெண்டு பேரையும் இங்கை எடுக்க ஸ்பொன்சர் பண்ணியிருந்தன். துவக்கு அலுவலிலை என்ர பேர் எழுத்திலை வந்தால் அவங்களை விடமாட்டாங்கள் எண்டு நினைச்சன்.”

“அதைச் சொல்லியிருந்தால் வேற ஆளைப் பிடிச்சிருப்பனே.”

“எந்த முகத்தோட சொல்லுறது?”

“அப்ப செயலாளரை ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேலைச் சங்கு ஊதியது, உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பஸ் பிடித்து, மீதித் தூரம் நடந்து கழகத்துக்குப் போனேன். செயலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “நீ கூச்சக்காரன் என்றல்லவா நினைத்திருந்தேன்” என்று சொல்லி, என் முதல் வகுப்புக்குப் பதிந்திருந்த பதினொரு பேரின் பட்டியலை நீட்டினார். இரண்டு வருடங்கள் வெறுத்திருக்கிறேன். அந்த மனிதருக்கு அது தெரியவே இல்லை.

அந்தக் கடிதத்தை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் ஊரில் யாராவது அகப்பட்டிருந்தார்கள். அவர் இடத்தில் நானும் பயந்திருப்பேன். ஆனால் என் வீட்டுத் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு, என் தோளில் கை வைத்து, இன்னொருவன் மேல் பழியைப் போட்டாரே, அதைச் செய்யச் சொல்லி அவரை எந்தக் குடிவரவு அதிகாரியும் கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் என்னைக் கண்டு, தடியை ஊன்றி எழுந்து வந்தார். “இப்பவும் படிப்பிக்கிறியோ தம்பி?”

“ஓம் அண்ணை.”

என் கையைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்து நின்றார். எதற்கென்று எனக்குத் தெரியும். “சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.