புண்ணாக்குக் கடை சர்வர்

புண்ணாக்கு வாசனை எங்கே அடித்தாலும் அந்த முதலாளி என் நினைவில் வந்து நிற்கிறார். புதுக்கோட்டையில் மாட்டுத்தீவன மொத்த வியாபாரம் அவருக்கு. பில் போடும் சாப்ட்வேர் ரொம்ப மெதுவாக ஓடுகிறது, புது சர்வர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்.

பருத்த உடம்பு, தோளில் வியர்வைத் துண்டு. திரை உறைந்து நிற்கும்போதெல்லாம் வண்டிமாட்டை விரட்டுவதுபோல் நாக்கைச் சொடுக்குவார்.

"பெருசா, வெல கூடுனதாப் பாத்துச் சொல்லுங்க சார்."

பழைய சர்வர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். "பெருசு வேணாங்க. இதுல ஹார்ட் டிஸ்க் தேஞ்சு போச்சு. எஸ்எஸ்டி டிஸ்க்கும் கூடுதல் ராமும் உள்ள சின்ன சர்வரே போதும். இந்தப் பழசுல யாரு பில் போட்டாலும் இப்புடித்தான் நிக்கும்."

சொடுக்கு நின்றது. "யாரு போட்டாலுமா?"

"யாரு போட்டாலும்."

அவர் முகம் கறுத்தது. "அன்னவாசல் புள்ள ஒண்ணு பில் போட்டுச்சு சார். லாரிக்காரங்க முன்னாடி, 'ஒனக்கு என்ன கையா, கட்டையா'ன்னு கேட்டு வேலைய விட்டு நிப்பாட்டிட்டேன். மிஷின்தான் மெதுவுன்னு அது சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு."

சர்வர் பேச்சு அதோடு போயிற்று. என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அன்னவாசல் கிளம்பிவிட்டார். வழி நெடுகக் கண்மாய்கள் பின்னால் ஓடின. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூசியது. அந்தப் பெண்ணின் தெருமுனையில் வண்டியை நிறுத்தியவர், ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் இறங்கினேன். கண்ணாடியை இறக்கினார்.

"சார், வாசல்ல நின்னு கூப்புட வாய் வர மாட்டேங்குது. அந்தப் புள்ளய மட்டும் கூப்புட்டு விட்டுட்டுப் போங்க. மிச்சத்த நானே சொல்லிக்கிறேன்."