எழுபத்தைந்து லிட்டர் பொரி

மலையேறும் பையில் தொங்கிய அட்டையில் எழுபத்தைந்து லிட்டர் என்று போட்டிருந்தது. நான் அட்டைகளை நம்புவதில்லை. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக என் வேலையே அதுதான்: காகிதத்தில் எழுதியிருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றா என்று பார்ப்பது. பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் பார்க்க வேண்டும்.

போன வருடம் நானும் மனைவியும் ஒரு குழுவோடு மலையேறப் போனோம். இரண்டாம் நாள் என் பையின் தோள்வார் தையல் விட்டுக் கையோடு வந்துவிட்டது. கூடாரத்தை நான் கட்டித் தூக்கினேன். அடுப்பையும் போர்வைகளையும் அவள் தன் பையில் ஏற்றிக்கொண்டாள். இறங்கும்போது அந்தக் கனத்தோடு வழுக்கி அவள் முழங்கால் திருகிக்கொண்டது. நான்கு மாதம் எங்கள் மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்கினாள். நடக்கலாம், சுமை மட்டும் கூடாது என்றார் மருத்துவர்.

இந்தப் பொங்கல் விடுமுறையில் மறுபடி போகலாம் என்று ஆரம்பித்ததும் அவள்தான். இருவர் சாமானும் என் முதுகில் என்று ஏற்பாடு. பை மறுபடி பிய்ந்தால் அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரமாட்டாள், பாதியைத் தூக்கிக்கொள்வாள். எனவே பை பிய்யக் கூடாது.

கல்மண்டபம் அருகே ஒரு பைக்கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். எடுத்த எடுப்பிலேயே, "இது எக்ஸ்போர்ட் சரக்கு சார்" என்றார்.

"எக்ஸ்போர்ட் சரக்கு ஏன் இங்கே இருக்கு?"

"கொஞ்சம் மிஞ்சுச்சு."

"ஏன் மிஞ்சுச்சு?"

அவர் மின்விசிறியைக் கூட்டிவைத்தார். நான் தையலை அங்குலத்துக்கு இத்தனை என்று எண்ணினேன். தோள்வார் சேருமிடத்தில் இரட்டைத் தையலா என்று துணியைப் புரட்டினேன். ஜிப்பை முப்பது தடவை இழுத்து மூடினேன். அன்று வாங்கவில்லை. மறுநாள் டேப்போடு போனேன். மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் அவர் எழுந்தே விட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பச்சைப் பையை இன்னொரு தடவை எடுங்க."

"சார், பை வாங்க வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா?"

பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பித் தரலாம் என்று ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டுதான் பையை எடுத்தேன். அவ்வளவு சுலபமாக எழுதிக் கொடுத்ததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தொங்கிய பட்டைகளை எல்லாம் பின்னால் இழுத்து முடிச்சிட்டேன். கிடங்குப் பழக்கம். தளர்ந்து தொங்கும் பட்டை ஃபோர்க்லிஃப்டில் மாட்டிக்கொள்ளும். பிறகு ஒரு மூட்டை பொரி வாங்கிவந்து, லிட்டர் குவளையால் அளந்து அளந்து பைக்குள் கொட்டினேன்.

"ஆயுத பூஜைக்குக்கூட இவ்வளவு வாங்கினதில்ல" என்று மனைவி ஒரு கை அள்ளினாள்.

"அளவு கெடும். வைம்மா."

பையின் பெரிய அறையில் அறுபத்தாறு. பக்கப் பைகளும் மேல் மூடியும் சேர்ந்து ஒன்பது. ஆக எழுபத்தைந்து. சரியாக வந்ததுதான் எனக்கு உறுத்தியது. பொரியைக் கொட்டிவிட்டு மறுபடி அளந்தேன். அதே எழுபத்தைந்து.

அடுத்து இருபது கிலோ அரிசி மூட்டையை உள்ளே வைத்து, ஊஞ்சல் கொக்கியில் இரண்டு நாள் தொங்கவிட்டேன். ஒரு நூல் அசையவில்லை. இதையெல்லாம் குறித்ததில் நாட்குறிப்பில் இரண்டு பக்கம் ஆனது. வீட்டுக் கொக்கியை முழுக்க நம்ப முடியாமல், ஆறாம் நாள் பையை அரிசியோடு கிடங்குக்கு எடுத்துப்போய், எடை பார்க்கும் கொக்கியில் மாட்டி உலுக்கினேன்.

மூட்டை தூக்குகிறவர்களில் மூத்தவர் ஒருவர் டீ டம்ளரோடு வந்து நின்றார். அவரும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"இன்னா சார், பையத் தூக்குல போட்டுகினு கீற?"

"தாங்குமான்னு பாக்கறேன்."

"கொக்கியா மலை ஏறப் போவுது? நீ மாட்டிப் பாத்தியா?"

இல்லை. ஆறு நாளில் ஒரு தடவைகூடக் கனத்தோடு நான் அதை மாட்டிப் பார்க்கவில்லை. மாட்டினேன். தோள் இரண்டையும் பை கீழே இழுத்தது. அவர் என்னைச் சுற்றி வந்தார். பையின் பின்னால் நான் போட்ட முடிச்சைப் பிடித்தார்.

"இந்த இடுப்புப் பட்டைய இன்னாத்துக்குப் பின்னால கட்டி வச்சிகீற?"

"தொங்குது. எதுலயாவது மாட்டிக்கும்."

"அய்ய! நாங்க துண்ட இடுப்புல இறுக்காம மூட்டையத் தொடுறமா? இத்தினி வருசமா பாத்துகினுதான கீற?"

முடிச்சை அவிழ்த்து, பட்டையை முன்னால் கொண்டுவந்து, இடுப்பெலும்புக்கு மேல் இறுக்கி அதன் கொக்கியை மாட்டினார். அரிசி மூட்டையில் பாதியை யாரோ எடுத்துவிட்டது போலிருந்தது. தோள்வாருக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது.

போன வருடப் பையிலும் அப்படி ஒரு பட்டை இருந்தது. அதையும் முதல் நாளே பின்னால் முடிச்சிட்டிருந்தேன். அத்தனை கனத்தையும் இரண்டு தோள்வார்கள் மட்டும் சுமந்திருக்கின்றன. அதனால்தான் பிய்ந்தது என்று நூறு சதவீதம் சொல்ல முடியாது. ஆனால் வேறு யாராவது இப்படிச் செய்து சரக்கு சேதமாகியிருந்தால், அறிக்கையில் 'கையாண்டவர் தவறு' என்றுதான் எழுதியிருப்பேன்.

மாலையில் பழைய நாட்குறிப்பை எடுத்தேன். 'தையல் மோசம். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று என் கையெழுத்து. பழைய பையை விற்ற அந்த மனிதரை ஒரு வருடமாகப் போகிற இடமெல்லாம் திட்டியிருக்கிறேன். வரியை அடித்துவிட்டு, சமையலறைக்குப் போய் இடுப்புப் பட்டை விஷயத்தை மனைவியிடம் சொன்னேன்.

அவள் அடுப்பைக் குறைத்தாள். "அந்தப் பெல்ட் எதுக்குன்னு அன்னிக்கே கேட்டேனே."

"நான் என்ன சொன்னேன்?"

"லாரியில ஏத்தறப்போ கட்டறதுக்குன்னீங்க. சந்தேகமே இல்லாம சொன்னீங்க."

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று கவனித்தேன். தெரியவில்லை. "மாட்டுங்க. மொட்டைமாடி வரைக்கும் ஏறி இறங்கலாம்" என்றாள்.

அரிசியோடு ஏறினேன். ஒரு தண்ணீர் பாட்டிலோடு அவள் பின்னால் வந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் என்னை நிறுத்தி, முன்னால் வந்து, இடுப்புக் கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை இழுத்தாள்.