புழுவுக்குப் போட்ட தடுப்பூசி

கல்லூரியில் என் ஆராய்ச்சி புழுவைக் கொல்வது பற்றியதல்ல. அது எப்படிச் சாக மறுக்கிறது என்பதைப் பற்றியது. "இதுக்கா ஏட்டி இத்தன படிப்பு?" என்று அண்ணன் கேட்பான்.

அவன் வளைகுடாவில் ஏசி ரிப்பேர் செய்த காலமெல்லாம், விளைந்ததில் ஒரு பங்கை ஆலயத்தில் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக் காணிக்கையாகச் சந்தையில் வாங்கிய வாழைக்குலைதான் ஆலயத்துக்குப் போனது. ஊரோடு வந்துசேர்ந்ததும், "இந்த வருசம் எனக்க சொந்தக் குலை" என்று சபை முழுக்கச் சொல்லிவைத்தான். நேந்திரன் நட்டான். கூன்வண்டும் வந்தது, தண்டைக் குடையும் அதன் புழுவும் வந்தது.

நான் பூஞ்சைப் பொடி வாங்கிக் கொடுத்தேன். அதன் வித்துகள் புழுவின் தோலைத் துளைத்து உள்ளே போய் வளர்ந்து அதைக் கொல்லும். அண்ணன் அதைக் கரைத்து வாழைக்கு அடித்தான். சில வாரம் கழித்து ஒரு தண்டின் மட்டையை உரித்தேன். உள்ளே புழு கொழுகொழுவென்று நெளிந்தது, உடம்பில் மட்டும் சின்னக் கரும்புள்ளிகள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் வித்துகள்தான் உள்ளே போயிருக்கின்றன. புதிதாக வந்த போதகரைச் சபைக் கமிட்டி வளைத்துக்கொள்வதுபோல், புழுவின் இரத்த அணுக்கள் அவற்றைச் சூழ்ந்து அமுக்கி, கறுப்புப் பூசி மூடிவிட்டன. பெருங்கூட்டமாகப் போயிருந்தால் புழு தோற்றிருக்கும்.

"அண்ணா, பொடிய எதுல கலக்குன?"

"துரிசு வெள்ளத்துல. ரப்பருக்கு அடிச்ச மிச்சம் கெடந்துது. ரெண்டு தடவ பம்பு தூக்க எனக்க நடுமுதுகு என்ன இரும்பா?"

"துரிசுன்னா காப்பர் சல்பேட்டு, பூஞ்சையக் கொல்லதுக்குள்ளதுலா! நீ மருந்தையே கொன்னுட்ட."

அவன் குனிந்து புழுவைப் பார்த்தான். "அப்போ நான் இதுக்குத் தடுப்பூசி போட்டிருக்கேன்."

அறிவியல்படி அதுவும் முழுப் பொய் இல்லை. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பண்டிகைக்கு முந்தின வாரம் அடித்த காற்றில், புழு குடைந்திருந்த வாழை குலையோடு நடுவில் முறிந்தது. காய்கள் விரல் பருமன்கூட இல்லை. கடைக்குலை வாங்கலாம் என்றேன். அவன் கேட்கவில்லை. அந்த நோஞ்சான் குலையைத் தோளில் போட்டு, எல்லோரும் பார்க்க ஆலயத்துக்குள் நடந்தான். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது, பாவமாக இருந்தது.

போதகர் குலையின் மேல் கைவைத்து உருக்கமாக ஜெபித்தார்: "சிறிய புழுபூச்சி முதலாய்ச் சகல ஜீவன்களையும் பாதுகாத்து வந்த ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்."

சபை முழுவதும் ஆமென் சொன்னது, அண்ணனைத் தவிர.