அந்திக்கு எந்தப் பைனாகுலர்

பைனாகுலரைக் கடைக்குள்ளேயே கண்ணில் வைத்துப் பார்த்து வாங்குகிறவனைப் போல முட்டாள் உலகத்தில் இல்லை என்பது என் அண்ணனின் கட்சி. பகல் வெளிச்சத்தில் எந்த மட்டமான சரக்கும் பளிச்சென்றுதான் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சாயம் வெளுக்கும். வேட்டைக்காரன் கொட்டிக் கொடுப்பதே அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் என்பான்.

அண்ணன் பழைய வேட்டைக்காரன். அண்ணி பர்மியப் பெண், புத்தர் கோயிலுக்குத் தவறாமல் போகிறவள். மகள் பிறந்ததும், "இனிமேல் உயிரைக் கொல்லாதே" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அன்றோடு துப்பாக்கி போயிற்று. பைனாகுலர் மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை. குளிர்காலத்தில் சதுப்பு நிலங்களுக்கு வரும் பறவைகளைப் பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது அவன் தொழிலாயிற்று. சுடாத வேட்டை என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

இந்த மழைக்காலத்தில் பைனாகுலரும் கண்ணும் சேர்ந்து கெட்டன. பைனாகுலருக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. அவனுடைய வலது கண்ணில் புரை முற்றி, அறுவை செய்து புது லென்ஸ் வைத்தார்கள். டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார். அண்ணன்தான் நம்பவில்லை. பறவை பார்க்கும் இளைஞர் குழு ஒன்று, வழிகாட்டியாக வருகிறீர்களா இல்லையா என்று, நாங்கள் கடைக்குப் போன அன்றைக்குள் பதில் கேட்டிருந்தது. லான்மடாவ் பேட்டையில் இருக்கும் பைனாகுலர் கடைக்குத் துணைக்குப் போன என்னிடம் பஸ்ஸில் மெதுவாகச் சொன்னான்.

"சாயங்காலத்துல தெரியலைன்னா இதோட விட்டுடுறேன் தங்கச்சி. அவங்களை ஏமாத்தக் கூடாது."

வீட்டில் முடங்கிய என் அண்ணனை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கோபம்தான் வந்தது. எனக்குப் பயம் வந்தாலும் கோபமாகத்தான் வரும்.

கடைக்காரப் பெரியவர் அண்ணனுக்கு வேட்டைக் காலத்துப் பழக்கம். அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஆஸ்திரியாவில் செய்தது, எட்டு மடங்கு, முன்கண்ணாடி கிண்ணம் போல அகலம், தூக்கினால் கழுத்து இறங்கிவிடும். மற்றது ஜப்பானியச் சரக்கு, பத்து மடங்கு, கைக்கு அடக்கம். "இருட்டினதும் பார்த்துவிட்டு நாளைக்குக் கொண்டு வா, யபாதே" என்று பர்மியில் சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். பரவாயில்லை என்கிற அந்த ஒரு வார்த்தையில் இந்த ஊரில் பாதி வியாபாரம் நடக்கிறது.

பசுந்தாங் ஓடைக் கரையில், படகுத்துறைக்குப் பக்கத்து டீக்கடை முக்காலிகளில் உட்கார்ந்தோம். எதிரே தாகேதா கரை. சூரியன் விழும்வரை அண்ணன் டீயைக்கூடத் தொடவில்லை. வெளிச்சம் மங்கியதும் ஜப்பானியதை எடுத்தான்.

"மங்கலா இருக்கு. ஓரமெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

ஆஸ்திரியாக்காரனை எடுத்தான். அதுவும் அப்படியே. மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒன்றில் கண்ணாடிப் பூச்சு சரியில்லை, மற்றதைக் கீழே போட்டிருக்கிறார்கள் என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். கடைசியில் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணாடி மேல குத்தமில்லே" என்றான்.

நான் ஜப்பானியதைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தேன். இடது கண்ணுக்கு அக்கரைப் படகின் கயிறுகூடத் தெரிந்தது. வலது கண்ணுக்கு ஒரே புகை. தலை வலித்தது. வலது பக்கக் குழாயில் ஒரு வளையம் இருந்தது, திருப்பினேன். படகு பளிச்சென்று வந்தது. மற்றதிலும் அந்த வளையம் அதே பக்கம், அதே அளவு தள்ளியிருந்தது.

"ஏண்ணே, இதை யாரு திருப்பினா?"

"நான்தான். அது என் கண்ணு அளவு."

வேட்டைக்காரர்களுக்கு அது பழக்கம். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்காது. வலது கண்ணுக்கான அளவை ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் பிறகு மாற்ற மாட்டார்கள். யாருடைய பைனாகுலர் கைக்கு வந்தாலும், கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே விரல் அந்த வளையத்தை அந்த இடத்துக்குத் தள்ளிவிடும். காட்டில் மிருகம் காத்துக்கொண்டிருக்காது அல்லவா. அண்ணனின் விரல் அன்றைக்கும் தள்ளியிருக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

டீக்கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "அறிவிருக்கா உனக்கு? புதுக் கண்ணை வெச்சுக்கிட்டு பழைய கண்ணுக்கு அளவு வெக்கிறியே!"

அவன் ஆஸ்திரியாக்காரனை எடுத்து, இடது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, வளையத்தை மெல்ல மெல்லத் திருப்பினான். ஓரிடத்தில் விரல் நின்றது. கையை எடுத்தான். அதற்குப் பிறகு அவன் அசையவே இல்லை.

"என்னண்ணே? சொல்லேன்."

"அலையாத்திப் புதருக்குக் கீழே இராக்கொக்கு ஒண்ணு நிக்குது. கண்ணு செவப்பா இருக்கு."

நான் என்னிடமிருந்த பத்து மடங்கில் தேடினேன். காட்சி ஆடியது, புதர் வெறும் கறுப்பாக நின்றது. அகலக் கண்ணாடியின் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படகில் போகிறவனுக்கு, அந்தி நேரத்தில் தேடுகிறவனுக்கு, எட்டு மடங்கே போதும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிறதே தவிர இருட்டைத்தான் காட்டுகிறது. கழுத்து வலித்தால் வலிக்கட்டும்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றேன்.

"எனக்குத் தெரியுது" என்றான். பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்காமலே, ஒரு கையால் சட்டைப்பையைத் துழாவிக் கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினான். "அந்தப் பசங்களுக்குப் போடு. நான் வர்றேன்னு சொல்லு. இது பறக்கப் போகுது, நான் பார்க்கணும்."